இருபத்தொன்பது பேரின் அழுக்கு

ஏப்ரல் 6

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். இங்கே நானும் அவளும் பிள்ளையும் சுகம். என் நெஞ்செரிச்சல் மட்டும் காலையில் எனக்கு முன்னால் எழுந்துவிடுகிறது. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? அத்தான் சௌக்கியமா?

நின்றுகொண்டு படிக்கிறாய் என்றால் உட்கார். உங்கள் கால்பந்து கிளப்பின் அடுத்த பயிற்சியாளர் நான்தான். கையெழுத்துப் போட்டாகிவிட்டது. அறிவிப்பு மே மாதக் கடைசியில்தான் வரும், அதுவரை அத்தானிடம்கூட மூச்சு விடாதே. அதனால்தான் போன் பண்ணவில்லை. நீ போனை எடுத்தாலே அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கேட்பார் என்று எனக்குத் தெரியும். இந்தக் கடிதத்தையும் வீட்டுக்கு அனுப்பாமல் சலவை அறைக்கு அனுப்பியிருக்கிறேன்.

இங்கே துணைப் பயிற்சியாளர் வேலை ஜூலை முடியும்வரை இருக்கிறது. ஆகஸ்ட் ஒன்றாம் தேதிதான் அங்கே வந்து சேர முடியும். ஆனால் இருபத்தைந்து பேர் பட்டியலை ஜூலை இருபதுக்குள் கொடுத்தாகவேண்டும். இருப்பது இருபத்தொன்பது பேர். நால்வரைக் கழிக்கவேண்டும், அதுவும் ஆளைப் பார்க்காமலே. அலுவலகத்திலிருந்து ஒரு ஃபைல் அனுப்பியிருக்கிறார்கள். அதை எழுதியவர் கிளப் தலைவருடைய மருமகனாம். அதில் இருபத்தொன்பது பேருமே "மிகச் சிறப்பு". அப்படிப்பட்ட அணி எப்படிப் பதினான்காம் இடத்தில் முடிந்தது என்று ஃபைலில் இல்லை.

எனக்கு முன்னால் இருந்தவர் ஏழு வாரம் தாக்குப்பிடித்தார். நான் முதல்முறையாகத் தலைமைப் பொறுப்புக்கு வருகிறேன். இதில் சறுக்கினால் இன்னொரு கிளப் என்னைக் கூப்பிடாது. பதினெட்டு வருஷமாக அவர்கள் துணியைத் துவைக்கிறவள் நீ. உனக்குத் தெரியாததா? யார் எப்படி என்று ஒரு வரி எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள். ஈரத்தில் நிற்காதே.

உன் தம்பி


ஏப்ரல் 15

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதியது. முழங்கால் இருக்கிற இடத்தில் இருக்கிறது. உன் நெஞ்செரிச்சலுக்குக் காரணம் நீ சாப்பிடும்போதும் யோசிப்பதுதான், அதை நிறுத்து. உன் பெண்டாட்டியையும் பிள்ளையையும் கேட்டதாகச் சொல். அத்தான் நலம்.

செய்தியைப் படித்ததும் கூடையை அப்படியே கீழே போட்டுவிட்டேன். சின்ன வயதில் உன் காக்கிக் கால்சட்டையைத் துவைத்தேன், இனி உன் ஆட்களின் கால்சட்டை. என் தலையெழுத்து அழுக்கோடுதான் போல.

நீ கேட்டதற்கு வருகிறேன். ஆட்டக்காரன் வாயால் என்ன வேண்டுமானாலும் அளப்பான். கூடையில் போட்ட துணியை வைத்துக்கொண்டு என்னிடம் கதை விட முடியாது. எண் எண்ணாகச் சொல்கிறேன்.

ஒன்பது. முன்களம். நாங்கள் சலவை அறையில் "உருளை" என்போம். முன்னே, பின்னே, இரண்டு பக்கமும், காலருக்கு உள்ளேயும் மண். ஒருமுறை சாக்ஸுக்குள் வேரோடு புல். மூன்று தண்ணீர் மாற்றி ஊறவைத்தாலும் போகாது. இப்படி உடம்பை மண்ணில் போட்டு உழைக்கிறவனை நான் பார்த்ததில்லை.

ஐந்து. பின்களம். இவன் பெயர் "புதுமாப்பிள்ளை". தொண்ணூறு நிமிஷம் ஆடிவிட்டு வந்தும் சட்டையில் இஸ்திரி மடிப்பு அப்படியே நிற்கும். மடித்து அலமாரியில் வைத்தாலும் யாருக்கும் தெரியாது. சம்பளம் வாங்கிக்கொண்டு வேடிக்கை பார்க்கிறான்.

பத்து. இவனுக்கு மண் குறைவுதான். ஆனால் தோள்பட்டைத் தையல் வாராவாரம் பிரிகிறது. பிடித்து இழுக்காமல் அவனை யாராலும் நிறுத்த முடியவில்லை என்று அர்த்தம். அவனை விட்டுவிடாதே, எனக்கு ஊசி வேலை கூடினாலும் பரவாயில்லை.

மெஷின் நின்றுவிட்டது, அடுத்த ஈடு போடவேண்டும். நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா


ஏப்ரல் 24

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நலம். அங்கே நீயும் அத்தானும் நலம்தானே? பிள்ளைக்கு ஒரு பல் விழுந்தது, அதைப் பத்திரமாக ஒரு டப்பாவில் போட்டு எனக்குத் தெரியாமல் என் பையில் வைத்துவிட்டான்.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அலுவலக ஃபைலை எடுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டேன். பத்தாம் எண்ணின் தையலைப் பற்றி எந்தப் பயிற்சியாளனும் இதுவரை யோசித்திருக்க மாட்டான். நீ பேன்ட் போட்டுக்கொண்டு மைதானத்துக்குள் வந்திருந்தால் எனக்கு வேலையே கிடைத்திருக்காது.

நடுக்களத்தையும் எழுது. இரண்டு ஓரங்களையும் எழுது. கோல்கீப்பர்கள் இருவரையும் எழுது. ஒரு தாளில் இருபத்தொன்பது கட்டம் போட்டுச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். கட்டம் நிரம்ப நிரம்ப என் நெஞ்செரிச்சல் குறைகிறது.

உன் முழங்காலுக்கு ஒரு பட்டை வாங்கி அனுப்புகிறேன். பெருமைக்கு அலமாரியில் வைக்காமல் போட்டுக்கொள்.

உன் தம்பி


மே 7

அன்புத் தம்பிக்கு,

பட்டை வந்தது. போட்டுக்கொண்டால் முழங்கால் பரவாயில்லை, தொடை பிடிக்கிறது. பல்லைப் பத்திரப்படுத்துகிற பிள்ளை உன்னைப்போல இல்லை, நல்லது. உன் வயிறு எப்படி?

ஆறும் எட்டும். நடுக்களம். போன மாதம் ஒரே நாளில் இருவர் காலரிலும் ரத்தம். அன்று பயிற்சி நாள், எதிரணி என்று ஒருவரும் கிடையாது. ஒரே பந்துக்கு இருவரும் குதித்துத் தலையோடு தலை மோதியிருக்கிறார்கள். இரண்டு வருஷத்துக்கு முன் ஆறு தன் காரைப் பின்னால் எடுக்கும்போது எட்டின் காரை இடித்துவிட்டானாம். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. பேசாதவர்களை நடுவில் நிறுத்தினால் வேறென்ன நடக்கும்? ஒன்று பேசவை, இல்லை ஒருவனை அனுப்பு.

பதினொன்று. வலது சாக்ஸின் விரல் பக்கம் மாதம் ஒரு ஓட்டை. இடது சாக்ஸ் கடையில் வாங்கியபடி இருக்கிறது. இடது கால் அவனுக்கு நிற்பதற்கு மட்டும்.

மூன்று. இடைவேளையில் சட்டை மாற்றுகிறவன். முதல் பாதிச் சட்டையைப் பிழிந்தால் அரை வாளி. இரண்டாம் பாதிச் சட்டையில் அக்குள்கூட நனையவில்லை. நாற்பத்தைந்து நிமிஷத்துக்கு மேல் அவனிடம் சரக்கு இல்லை.

இருபத்திரண்டு. மாற்றுக் கோல்கீப்பர். நெடுநெடுவென்று இருப்பதால் "கொக்கு". கால்சட்டையின் பின்பக்கத்தில் பெஞ்சுப் பலகையின் கோடு மூன்று பதிந்திருக்கிறது. வேறு கறை இல்லை. உட்காரவைத்தே வளர்த்திருக்கிறார்கள், பாவம்.

மற்றவர்களை ஆளுக்கு ஒரு வரியாகத் தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். எண் ஒன்றைப் பற்றி எழுதலாம் என்றால் தாள் முடிந்துவிட்டது.

மறந்துவிட்டேன், டிரையரின் பெல்ட் அறுந்துவிட்டது. அந்தக் கதையை இன்னொரு தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன், இரண்டு பக்கம்தான், பொறுமையாகப் படி.

உன் அக்கா


மே 16

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். உன் தொடைக்குப் பட்டையைக் கொஞ்சம் கீழே இறக்கிக் கட்டு. அத்தான் உடம்பு எப்படி இருக்கிறது?

பெல்ட் கதையைப் படித்தேன். பழுதுபார்க்க வந்தவர் உன்னிடம் அவ்வளவு வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கத் தேவையில்லை.

முதல் பட்டியலைக் கிளப் தலைவருக்கு அனுப்பிவிட்டேன். ஐந்தை விடுவிக்கச் சொல்லியிருக்கிறேன். ஒன்பதைத் துணைக் கேப்டனாக்கச் சொல்லியிருக்கிறேன். மூன்றாம் எண்ணுக்குப் பாதி ஆட்டம் மட்டும். ஆறுக்கும் எட்டுக்கும் முகாமில் ஒரே அறை. தலைவர் அசந்துபோய்விட்டார். "ஆளையே பாக்காம இவ்வளவு துல்லியமா எப்படி சொல்றீங்க?" என்று போனில் கேட்டார். "எனக்குன்னு ஒரு வழி இருக்கு சார்" என்றேன். கொஞ்சம் கெத்தாகத்தான் சொன்னேன், திட்டாதே.

அப்புறம், சும்மாதான் கேட்கிறேன். சுவரில் ஒரு கட்டம் காலியாக இருக்கிறது. முதல் கட்டம். தாள் முடிந்துவிட்டது என்று எழுதிய பிறகு நீ இன்னொரு தாள் எடுத்ததால் கேட்கிறேன். அவசரமில்லை.

உன் தம்பி


ஜூன் 3

அன்புத் தம்பிக்கு,

தாமதத்துக்குக் கோபிக்காதே. விடுமுறை முடிந்து பயிற்சி தொடங்கிவிட்டது, துணி மலையாகக் குவிகிறது. நீ சௌகரியமா? பிள்ளைக்குப் புதுப் பல் முளைத்ததா?

உன் நியமனத்தை அறிவித்தார்கள். அத்தானிடம் நான் அப்போதுதான் கேள்விப்படுகிறவள்போல ஆச்சரியப்பட்டேன், நன்றாகவே நடித்தேன். அவர் "நல்லது" என்றார். பிறகு தன் கோல்கீப்பர் கையுறை இரண்டையும் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய் ஒரு மணி நேரம் துடைத்தார். அவை ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தன.

பதினேழுக்குக் கால் அளவு ஏறிவிட்டது. பதிமூன்றாம் எண் சட்டையை இந்த வருஷமும் யாரும் போடமாட்டேன் என்கிறார்கள். பன்னிரண்டு தன் சொந்தத் துணிகளையும் நைசாக என் கூடையில் திணிக்கிறான், அதில் ஒரு ஜன்னல் திரைச்சீலை இருந்தது.

நீ சும்மா கேட்டதாக எழுதியிருந்தாய். எண் ஒன்று நலம். நேற்று இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

வெயிலில் தொப்பி போடு.

உன் அக்கா


ஜூன் 12

அக்காவுக்கு,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. நீ நலமாக இரு. நம் இருவரில் ஒருவராவது இருக்கவேண்டும்.

போன வருஷ ஆட்டங்களின் வீடியோ நேற்றுத்தான் வந்தது. நான்கு ஆட்டம் பார்த்தேன்.

உன் உருளை மண்ணில் கிடப்பது உண்மைதான். ஆனால் உழைத்து விழவில்லை. ஒருவன் பக்கத்தில் வந்து மூச்சு விட்டாலே விழுகிறான். ஓர் ஆட்டத்தில் பதினான்கு தடவை எண்ணினேன். அதில் பதிமூன்று தடவை அவனை யாரும் தொடவேயில்லை. கடைசித் தடவை அவனுடைய கேப்டனே கடுப்பில் இடித்துத் தள்ளினான். பெனால்டி கிடைக்கும் என்று உருண்டு உருண்டு கோட்டுக்கு வெளியேயே போய்விடுகிறான். இவனைத்தான் நான் துணைக் கேப்டனாக்கச் சொன்னேன்.

புதுமாப்பிள்ளையோ எதிரணிக்காரன் பந்தை எங்கே தட்டப்போகிறான் என்று அவனுக்கே தெரிவதற்கு முன் அங்கே போய் நிற்கிறான். பந்து காலில் வந்து விழுகிறது. எட்டிப் பாய வேண்டியதே இல்லை. அதனால்தான் சட்டை சுத்தம். சரியான இடத்தில் நிற்கிறவனுக்கு எதற்கு மண்? அவனைத்தான் நான் விடுவிக்கச் சொன்னேன். தலைவர் அவனிடம் சொல்லியும்விட்டார். வேறு கிளப்காரர்கள் அவனை வெள்ளிக்கிழமை அழைத்துப்போக வருகிறார்களாம்.

தலைவர் போனை எடுக்கவில்லை, அவருக்கும் உனக்கும் விரைவுத் தபாலில் எழுதுகிறேன். பதில் வரும்வரை அவன் போய்விடாமல் ஏதாவது செய். என்ன என்று கேட்காதே, எனக்கும் தெரியாது.

உன் தம்பி


ஜூன் 16

தம்பிக்கு,

நான் நலம். நீ நலமாக இருப்பாய் என்று நம்பமாட்டேன், எதையாவது வாய்க்குப் போட்டுக்கொண்டு மேலே படி.

முதலில் ஒன்று. நீ கேட்டது யார் எப்படி என்று, நான் சொன்னது துணி எப்படி என்று. உருளை மண்ணில் கிடந்தான் என்றேன், கிடந்தானா இல்லையா? ஏன் கிடந்தான் என்பதைப் பார்க்கத்தான் உனக்குச் சம்பளம்.

புதுமாப்பிள்ளை எங்கும் போகவில்லை. பெட்டி கட்டிக்கொண்டு வந்து, "அக்கா, என் துணியெல்லாம் குடுத்துடுங்க, வெள்ளிக்கிழமை கிளம்பறேன்" என்றான். அவன் மொத்தத் துணியும் என்னிடம்தான். எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் முக்கிவிட்டேன். "இப்பதான்பா ஊற போட்டேன்" என்றேன். வெள்ளிக்கிழமை வந்து நின்றான். "இன்னும் ஊறுது" என்றேன். "என்னக்கா, சுத்தமான துணி மூணு நாளா ஊறுது?" என்று கேட்டான். "சுத்தமா இருக்கறதுதான்பா லேசுல போகாது" என்றேன். அவனுக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை. அழைக்க வந்தவர்கள் வாசலில் அரை மணி நேரம் ஹாரன் அடித்துவிட்டுப் போய்விட்டார்கள். மாலையில் தலைவரே வந்து, தவறு நடந்துவிட்டது, நீ இங்கேயே இரு என்று அவனைக் கட்டிப்பிடித்தார். பயல் அழுதுவிட்டான். போட்டிருந்த ஒரே பனியனோடு நின்று அழுதான்.

இரண்டாவது. சரியான இடத்தில் நிற்கிறவனுக்கு மண் ஒட்டாது என்று நீயே உன் கையால் எழுதியிருக்கிறாய். அதை மறந்துவிடாதே. எண் ஒன்றைப் பற்றிக் கேட்டாயே, எழுதிக்கொள். இரண்டு வருஷமாக அவர் சட்டையின் வலப்பக்கம் பளிச்சென்று இருக்கிறது. இடப்பக்கம் எப்போதும்போல் மண். வலப்பக்கம் ஒரு துளி இல்லை. அப்படியென்றால் அந்தப் பக்கம் அவர் எவ்வளவு சரியாக நிற்கிறார் என்று நீயே கணக்குப் போட்டுக்கொள். கட்டத்தை நிரப்பிக்கொள். இனி அதைப் பற்றிக் கேட்காதே.

உன் அக்கா


ஜூலை 5

அன்புத் தம்பிக்கு,

இங்கே உடம்பெல்லாம் சுகம்தான். அங்கே எப்படி என்று கேட்டு ஒரு கார்டு போட்டேன், இரண்டு போட்டேன். மூன்று வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. ஒரு வரியில் பதில் போடத் தெரியாதவன் இல்லை நீ. அதனால் நீ புரிந்துகொண்டுவிட்டாய் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

போன கடிதத்தை அனுப்பிய அன்று மதியம், சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவரிடம் பெருமையாகச் சொன்னேன். "உங்க சட்டையில வலப்பக்கம் எப்பவுமே சுத்தம். சரியான எடத்துல நிக்கறவங்களுக்கு அப்படித்தான் இருக்குமாம்." வாய்க்குக் கொண்டுபோன கை அப்படியே நின்றது. "யார் சொன்னா?" என்றார். "எங்கேயோ படிச்சேன்" என்றேன். மறுபடி சாப்பிட ஆரம்பித்தார்.

மறுநாள் கூடையில் அவர் சட்டையின் வலப்பக்கம் தோளிலிருந்து இடுப்புவரை சேறு. எனக்குக் கொஞ்ச நேரம் சந்தோஷம் தாங்கவில்லை. உனக்கு எழுதக் காகிதம்கூட எடுத்துவிட்டேன். பிறகுதான் சட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தேன். புல்லின் பச்சை இல்லை. பாய்ந்து விழுந்தவன் சட்டையில் பச்சை இல்லாமல் இருக்காது. அது குழாயடிச் சேறு. அதில் ஐந்து விரல் தெரிந்தது. இடது கை விரல்கள்.

அன்றிலிருந்து தினமும் பூசிக்கொண்டு வருகிறார். நானும் தினமும் துவைக்கிறேன்.

சரி, எழுதிவிடுகிறேன். இருபத்தெட்டுப் பேரைப் பற்றி வாய் கிழிய எழுதினேன், ஒருவரைப் பற்றி எழுத வரவில்லை. எண் ஒன்று. பதினாறு சீசன். இடப்பக்கம் இன்றைக்கும் ஒரு பந்து போகாது. வலது தோள் போய்விட்டது. அலமாரியின் மேல்தட்டிலிருந்து எதையும் இடது கையால்தான் எடுக்கிறார். சட்டையை முதலில் வலது கையில் மாட்டிக்கொண்டுதான் மற்றது. இரண்டு வருஷமாக இடப்பக்கமே ஒருக்களித்துப் படுக்கிறார். அந்தப் பக்கம் சுவர். என் மேல் ஏதோ கோபம் என்று நினைத்து முதல் ஒரு மாதம் நான் சண்டை போட்டேன். "கோவமெல்லாம் இல்ல, சுவர் குளுகுளுன்னு இருக்கு" என்றார்.

பட்டியலில் அவரைச் சேர்க்காதே. உன் பிழைப்பு முக்கியம், அவர் தோளும் முக்கியம். ஆனால் நான் சொன்னேன் என்று அவருக்குத் தெரியவே கூடாது. தெரிந்தால் இத்தனை நாள் பூசிய சேறெல்லாம் அவருக்கு அவமானமாகிவிடும். நீயாக முடிவெடுத்ததுபோல் எழுது. கொஞ்சம் திமிராகவே எழுது. அவருக்கு உன் மேல் கோபம் வரட்டும். தன் மேல் வருவதைவிட அது மேல்.

கேட்கக்கூடாததைக் கேட்கிறேன். அக்காவுக்காகச் செய்.

உன் அக்கா


ஜூலை 7

அன்புள்ள மச்சானுக்கு,

நலம். வீட்டில் உன் அக்காவும் நலம். உன் வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. கல்யாணத்துக்கு முன் உன் அக்காவுக்கு ஒன்று எழுதினேன், அதையும் தபாலில் போடவில்லை. போனில் பேசலாம் என்றால் அவள் பக்கத்திலேயே இருப்பாள். அதனால் அஞ்சல் நிலையத்தில் நின்றுகொண்டு எழுதுகிறேன். பின்னால் ஆள் காத்திருக்கிறார், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

என் வலது தோள் சரியில்லை. போன வருஷம் வாங்கிய கோல்களில் பாதிக்கு மேல் அந்தப் பக்கம்தான். இந்த வருஷமும் நான் நின்றால் உனக்குப் பத்து ஆட்டமாவது போகும். உன் முதல் வருஷம். மச்சான் என்பதற்காக என்னைச் சேர்க்காதே.

கொக்கு தயார். இரண்டு பக்கமும் பாய்கிறான். ஒரே குறை, கத்த மாட்டான். முன்னால் நிற்கும் பின்களக்காரர்களைக் கத்தி நகர்த்தாவிட்டால் கோல்கீப்பர் எதற்கு? அதைச் சொல்லிக்கொடுத்துவிடலாம். கத்துவதற்குத் தோள் வேண்டாம்.

உன் அக்காவுக்கு இது எதுவும் தெரியாது. துணியைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவாள் என்பதால் வலப்பக்கம் சேறு பூசிக்கொண்டு போகிறேன். இதுவரை கண்டுபிடிக்கவில்லை. நானே ஒதுங்கினேன் என்று தெரிந்தால் என்னைப் பார்த்துப் பார்த்து வருத்தப்படுவாள். என்னால் அதைத் தாங்க முடியாது. நீ நீக்கினாய் என்றால் உன்னைத் திட்டுவாள். திட்டும்போது அவளுக்கு உடம்பு நன்றாக இருக்கும். நீ கொஞ்சம் பொறுத்துக்கொள்ளவேண்டும்.

இதைப் படித்ததும் கிழித்துவிடு. ஆகஸ்ட் ஒன்றிலிருந்து மைதானத்தில் உன்னை "நீங்க" என்று கூப்பிடப் பழகிக்கொண்டிருக்கிறேன். வாயில் வரமாட்டேன் என்கிறது.

அத்தான்


ஜூலை 19

மதிப்புக்குரிய கோல்கீப்பர் அவர்களுக்கு,

தாங்களும் தங்கள் துணைவியாரும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன்.

வரும் சீசனுக்கான இருபத்தைந்து பேர் பட்டியலில் தங்கள் பெயர் இடம்பெறவில்லை என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன். இது முழுக்க முழுக்க என் சொந்த முடிவு. இதில் யாரையும் நான் கலந்துகொள்ளவில்லை. யார் சொல்லியும் கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை. உறவு வேறு, வேலை வேறு. தங்களுக்கு வயதாகிவிட்டது. இளைஞர்களுக்கு வழிவிடவேண்டும். இதற்கு மேல் விளக்கம் தருவதாக இல்லை.

கோல்கீப்பர்களுக்குப் பயிற்சி தர ஓர் ஆள் தேவைப்படுகிறது. தாங்கள் விரும்பினால் விண்ணப்பிக்கலாம். வேறு விண்ணப்பங்கள் வரவில்லை. வரவும் வராது, ஏனென்றால் வேறு யாரிடமும் சொல்லவில்லை.

தங்கள் உடல்நலம், குறிப்பாகப் பொதுவான உடல்நலம், சிறக்க வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
தலைமைப் பயிற்சியாளர்
(மச்சான்)


ஜூலை 26

தம்பி என்று எழுதக் கை வராத தம்பிக்கு,

நாங்கள் நலம். நீ எப்படி இருந்தால் எங்களுக்கென்ன? இருந்தாலும் நெஞ்செரிச்சல் குறைந்ததா?

உன் கடிதம் வந்தது. வீட்டு விலாசத்துக்கே அனுப்பும் தைரியம் உனக்கு எப்படி வந்தது? அத்தான் பிரித்துப் படித்துவிட்டு என்னிடம் நீட்டினார். நான் படித்தேன். வீடு இடிகிற மாதிரி கத்தினேன். பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்திக்கொண்டார். அத்தான் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து கேட்டார். நான் தண்ணீர் குடிக்க நிறுத்தினால், "எனக்கு வயசாச்சுன்னு எழுதியிருக்கான் பாரு, அதுக்கு ஒண்ணும் சொல்லலியே" என்று எடுத்துக்கொடுத்தார். அவர் மனம் ஆறட்டும் என்று நான் அதற்கும் கத்தினேன்.

இந்தக் கடிதத்தையும் இருவரும் சேர்ந்துதான் எழுதுகிறோம். கண்ணில் ரத்தம் இல்லாதவன் நீ. இது நான் சொன்னது. பதவி வந்ததும் தலைகால் புரியாதவன். இது அவர். கல்நெஞ்சன். இதை இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம். "இன்னும் காரமா எழுது" என்கிறார். மனுஷன் எவ்வளவு நொந்திருந்தால் இப்படிக் கேட்பார் என்று நினைத்து நானும் எழுதுகிறேன். "கூடப்பிறந்தவனே இப்படிப் பண்ணிட்டானேன்னு உனக்கு எவ்வளவு வேதனையா இருக்கும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். பிடித்தது வலது கையால், மெதுவாகத்தான்.

வேலைக்கு விண்ணப்பம் எழுதமாட்டேன் என்று இரண்டு நாள் முறுக்கிக்கொண்டு இருந்தார். மூன்றாம் நாள் கோல் வலைக்குப் பின்னால் போய் நின்று கொக்கைக் கத்தவைக்கிறார். அவன் வாயிலிருந்து காற்றுத்தான் வருகிறது. இவர் கத்துவது சலவை அறைவரை கேட்கிறது. கூடையில் அவர் சட்டை சுத்தமாக வருகிறது, இரண்டு பக்கமும்.

ஒன்றாம் தேதி வருகிறாய் என்று கேள்விப்பட்டோம். இந்த வாசற்படியை மிதிக்கக் கூடாது. எத்தனை மணி வண்டி என்று உடனே எழுது, ஸ்டேஷனுக்கே வந்து இதை நேரிலும் சொல்லவேண்டும். மூவருமாக வாருங்கள். மாடி அறையைக் கூட்டி வைத்திருக்கிறேன்.

உன் அக்கா

மேலே எழுதியுள்ள அத்தனையும் என் கருத்தும்தான். நன்றி.
அத்தான்

பின்குறிப்பு: இவ்வளவு திட்டிவிட்டு எதற்கு நன்றி போட்டார் என்று கேட்டேன். கடிதம் என்றால் கடைசியில் நன்றி போட்டுத்தான் முடிக்கவேண்டுமாம், மரியாதையாம். அப்படியென்றால் நானும் போட்டுவிடுகிறேன்.

நன்றி, தம்பி.